குப்பை மேட்டில் கூட்டுத் தோட்டம்

மும்பை மாநகரில் மாட்டுங்காவும் தாராவியும் அடுத்தடுத்த பகுதிகள். இரண்டையும் பிரிப்பது மத்திய இரயில்வேயின் இருப்புப்பாதை. 1896-ஆம் ஆண்டில் அன்றைய பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. அதன் விளைவாக 1898-ல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமே நோய்க்கு இடமளித்தது என்று கருதிய அவ்வமைப்பு, தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற தெருக்களையும் நிழற்சாலைகளையும் திட்டமிட்டு அமைத்தது. 'ஐந்து தோட்டங்கள்' என்று இன்றும் வழங்கும் பூங்காக்கள் அத்திட்டத்தின் பயனாகும்.

இருப்புப்பாதையின் மறுபுறத்திற்கு அத்தகைய திட்டம் எதுவும் வாய்க்கவில்லை. தோல் பதனிடும் தொழில் நகரின் எல்லைக்கு ஒதுக்கப்பட்டபோது, தாராவியின் சதுப்பு நிலம் அதற்கு இடமாயிற்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழ் மக்கள் தோல் கிடங்குகளில் உழைத்தனர். சதுப்பைத் தாமே தூர்த்து அதன் மேல் குடியேறினர். சௌராட்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் கும்பார்வாடாவில் சூளை வைத்தனர். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடிய அந்தப் பரப்பில் வாழ்வோரின் தொகை ஏழு இலட்சத்திலிருந்து பத்து இலட்சம் வரை இருக்கும் என்று பலவாறாக மதிப்பிடப்படுகிறது. அங்கே தோட்டம் என்பது பெரும்பாலும் தகரக் கூரையின் மேல் பெயிண்ட் டப்பாவில் வளரும் துளசியும் கறிவேப்பிலையுந்தான்.

இத்தகைய நகரில், பொது நிலத்தில் மக்கள் ஒன்றுகூடிக் காய்கறி பயிரிட முடியுமா? முடியுமாயின், அது சில ஆண்டுகளில் மறைந்துவிடாமல் நிலைத்து நிற்க என்ன வேண்டும்? இவ்வுரையின் பொருள் இதுவே.

குப்பை மேடு பூங்காவான கதை

தாராவியின் வடக்கு ஓரத்தில், மித்தி ஆறு மாகிம் கழிமுகத்தை நெருங்கும் இடத்தில், சுமார் 37 ஏக்கர் நிலம் ஒரு காலத்தில் நகரின் குப்பை கொட்டும் இடமாக இருந்தது. 1977-ல் குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டது. அந்த நிலத்தை இயற்கைப் பூங்காவாக்கலாம் என்ற யோசனையை உலக வனவிலங்கு நிதியத்தின் இந்தியக் கிளை முன்வைத்தது. பம்பாய் பெருநகர வட்டார வளர்ச்சி ஆணையம் அதனை ஏற்றுக்கொண்டது. 1980-களின் தொடக்கத்தில் மரம் நடும் பணி தொடங்கியது. பறவையியல் அறிஞர் சாலிம் அலி அப்பணியில் கலந்துகொண்டு மரக்கன்று நட்டார். 1994-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள், புவி தினத்தன்று, மகாராட்டிர இயற்கைப் பூங்கா பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பல்லாயிரம் மரங்களும் செடிகளும் கொண்ட அப்பூங்கா, குப்பை மேட்டின் மேல் காடு எழும் என்பதற்குச் சான்றாக நிற்கிறது.

இந்தப் பூங்காவின் வளாகத்தில்தான் 'அர்பன் லீவ்ஸ்' என்னும் தன்னார்வக் குழு தன் கூட்டுத் தோட்டங்களுள் ஒன்றை நடத்தியது. அக்குழுவைத் தொடங்கியவர் பிரீதி பாட்டீல். மும்பைத் துறைமுகத்தின் உணவுப் பிரிவில் அதிகாரியாகப் பணிபுரிந்த இவர், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்குச் சமைக்கும் மைய அடுக்களையின் மொட்டை மாடியில் தோட்டம் போட்டார். காய்கறித் தோல், தேயிலைச் சக்கை, மிஞ்சிய உணவு என்று நாள்தோறும் வெளியே தள்ளப்பட்ட கழிவு, மாடியிலேயே உரமாயிற்று. சுமார் 3,000 சதுர அடிப் பரப்பில் பழ மரங்களும் கீரைகளும் காய்கறிகளும் வளர்ந்தன. துறைமுக ஊழியர்களின் துணையோடு நடந்த அம்முயற்சியைக் கண்டவர்கள், தங்கள் பகுதியிலும் இதைச் செய்யலாமே என்று கேட்டனர். 2009-ல் 'அர்பன் லீவ்ஸ்' உருவாயிற்று. தாராவிப் பூங்காவிலும், மாட்டுங்கா டான் போஸ்கோ பள்ளியிலும், வேறு சில இடங்களிலும் தொண்டர்கள் கூடிப் பயிரிட்டனர்.

மண்ணை உண்டாக்கும் முறை

கிராமத்தில் தோட்டம் போடுவோர் இருக்கும் மண்ணைப் பண்படுத்துகின்றனர். மும்பையில் மண்ணையே உண்டாக்க வேண்டியிருக்கிறது. மொட்டை மாடியில் மண் இல்லை. பழைய குப்பை மேட்டில் உள்ள மண்ணோ உணவுப் பயிருக்கு ஏற்றதன்று. மின்கலம், வண்ணப்பூச்சு, தோல் பதனிடும் இரசாயனம் ஆகியவற்றிலிருந்து ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள் அத்தகைய மண்ணில் தங்கியிருக்கக்கூடும். கண்ணுக்குப் புலப்படாத இவை வேர் வழியே செடிக்குள் ஏறுகின்றன. கனிகளைக் காட்டிலும் கீரைகளில் இவை மிகுதியாகச் சேர்கின்றன. ஆகவே நிலத்தைக் கொத்தாமல், அதற்கு மேலே தனியாகப் பாத்தி எழுப்பி, அதில் புதிய மண்ணை உருவாக்குவதே பாதுகாப்பான வழியாகும்.

இதற்கான முறைகள் மகாராட்டிரத்திலேயே தோன்றியவை. பாந்த்ராவைச் சேர்ந்த டாக்டர் ஆர். டி. தோஷி, கரும்புச் சாற்றுக் கடைகளில் மிஞ்சும் சக்கையைப் பைகளிலும் தொட்டிகளிலும் நிரப்பி, அதனுடன் மட்கிய உரமும் சிறிதளவு மண்ணும் சேர்த்து, மாடியில் காய்கறி விளைவித்துக் காட்டினார். சக்கை எடை குறைந்தது. ஆதலால் தளத்திற்குப் பாரமில்லை. நீரையும் அது பிடித்து வைக்கிறது.

கோலாப்பூரைச் சேர்ந்த கணிதப் பேராசிரியர் ஸ்ரீபாத தாபோல்கர் 1960-களில் 'பிரயோக பரிவார்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். உழவர்கள் தாங்களே சோதனை செய்து, கண்டதை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வது அவ்வியக்கத்தின் அடிப்படை. அவருடைய வழியில் வளர்ந்ததே 'அமிர்த மண்' தயாரிக்கும் முறை. பத்து லிட்டர் நீரில் ஒரு கிலோ பசுஞ்சாணம், ஒரு லிட்டர் கோமூத்திரம், ஐம்பது கிராம் வெல்லம் ஆகியவற்றைக் கரைத்து, மூன்று நாள் அவ்வப்போது கலக்கிவிட வேண்டும். நான்காம் நாள் அதைப் பத்து மடங்கு நீரில் சேர்த்தால் கரைசல் ஆயத்தமாகிவிடும். உலர்ந்த சருகை அதில் ஊறவைத்து, அடுக்கடுக்காகப் பரப்பி, இடையிடையே சிறிது மண் தூவி மட்கச் செய்கின்றனர். பின்னர் பயறு வகை, எண்ணெய் வித்து, கீரை, நறுமண வகை எனப் பலவித விதைகளை அதன்மேல் விதைக்கின்றனர். 21, 42, 63-ஆம் நாட்களில் அவற்றை நறுக்கி மீண்டும் அதே குவியலில் சேர்க்கின்றனர். ஏறத்தாழ ஐந்து மாதங்களில், கையில் அள்ளினால் உதிரும் கரிய மண் கிடைக்கிறது.

இதில் பணச் செலவு மிகக் குறைவு. தூங்குமூஞ்சி மரத்தின் சருகும் அடுக்களைக் கழிவும் மும்பையில் விலையின்றிக் கிடைப்பவை. தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக் பீப்பாய்கள் மலிவாகக் கிடைக்கும். ஆயினும் இரசாயனம் இருந்த பீப்பாயைப் பயிருக்குப் பயன்படுத்துவது தவறு. உணவுப் பொருள் வந்த பீப்பாய்களையே தேர்ந்தெடுத்தல் வேண்டும். எது குறைவாயினும் ஈடு செய்துகொள்ளலாம். ஆனால் ஐந்து மாதக் காலம் விடாமல் வந்து கவனிக்கும் கைகள் இல்லையெனில் மண் உண்டாகாது.

கழிவின் கணக்கு

காய்கறித் தோட்டத்தின் பயனை விளைச்சலால் மட்டும் அளப்பது போதாது. செம்பூரை அடுத்த தேவனாரில் 1927 முதல் நகரின் குப்பை குவிக்கப்பட்டது. 2016-ஆம் ஆண்டு சனவரியில் அந்தக் குப்பை மலை தீப்பற்றிப் பல நாட்கள் எரிந்தது. புகை நகர் முழுவதும் சூழ்ந்தது. மாநகராட்சிப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. ஈரக் கழிவு காற்றின்றி அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகிறது. அதுவே இத்தகைய தீக்கு எரிபொருள். மாட்டுங்காவிலும் தாதரிலும் வாசலில் வைத்த குப்பை, செம்பூரிலும் கோவண்டியிலும் வாழும் குழந்தைகளின் மூச்சில் புகையாகச் சேர்ந்தது.

மாநகராட்சி 1997-ல் தொடங்கிய வட்டார மேலாண்மைக் குழுக்கள் மக்களைக் கொண்டே குப்பையைத் தரம் பிரிக்க முனைந்தன. 1998-ல் ஸ்திரீ முக்தி சங்கடனா, குப்பை பொறுக்கும் பெண்களுக்கு உரம் தயாரித்தல், சாண எரிவாயுக் கலன் இயக்குதல் முதலியவற்றில் பயிற்சியளிக்கும் பணியை மேற்கொண்டது. பெருமளவில் கழிவு உண்டாக்கும் குடியிருப்புகள் ஈரக் கழிவைத் தங்கள் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும் என்று 2017-ல் மாநகராட்சி வற்புறுத்தியது. பல குடியிருப்புகளில் உரம் தயாராயிற்று. ஆனால் அதை இடுவதற்கு நிலம் இல்லை என்ற முறையீடும் உடன் எழுந்தது. உரத்திற்கு நிலமும், நிலத்திற்கு உரமும் தேவை. இரண்டையும் இணைக்கும் இடமே கூட்டுத் தோட்டம்.

ஆறு நாட்களின் கேள்வி

நகரத் தொண்டர்களின் தோட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைத் தோட்டங்களே. காலையில் சிலர் சருகு நறுக்குகின்றனர்; சிலர் கரைசல் கலக்குகின்றனர்; சிலர் பறித்த கீரையைக் கூறு கட்டுகின்றனர். விளைந்தது வந்தவர்களுக்குள் பகிர்ந்தளிக்கப்படுகிறது. ஆனால் செடிக்கு ஞாயிறு என்ற நாள் தெரியாது. மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை பெய்கிறதெனினும், அது ஏறத்தாழ முழுவதும் சூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்நாட்களில் கீரை அழுகும். பந்தலில் ஏறும் பீர்க்கும் புடலும்தான் தாக்குப் பிடிக்கும். மீதி எட்டு மாதங்களும் நீர் ஊற்ற ஆள் வேண்டும். திங்கள் முதல் சனி வரை ஊற்றுவது யார்?

பல தோட்டங்கள் தளர்வதற்கு இக்கேள்வியே காரணமாகிறது. முதல் ஆண்டில் நாற்பது பேர் வருவர். அடுத்த ஆண்டில் பத்துப் பேர். பின்னர் இருவர் சுமை முழுவதையும் தாங்குவர். அவ்விருவரும் களைத்தபின் தோட்டம் காய்ந்துவிடும். அதற்கு ஒரு தோட்டக்காரரைக் கூலிக்கு அமர்த்திவிட்டால் போதும் என்பர் சிலர். அப்போது அது பூங்காவாகலாம், கூட்டுத் தோட்டமாகாது. நடந்து வந்து நீர் ஊற்றும் தொலைவில் வாழ்வோருக்குத் தோட்டத்தில் பங்கு இருக்கவேண்டும் என்பதே சரியான விடையாகும். தாராவியின் ஓரத்தில் உள்ள தோட்டத்தில் தாராவிப் பெண்களுக்குப் பாத்தி இல்லையெனில், அத்தோட்டம் வேரின்றி நிற்கிறது என்றே கொள்ளவேண்டும். தொலைவிலிருந்து வருவோர் விதையும் முறையும் கொண்டு வரலாம். அன்றாடக் காவலை அண்டை வீட்டாரே தரமுடியும்.

இருப்புப்பாதை ஓரத்துக் கீரை

பங்கு முறைக்கு மும்பையிலேயே ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. புறநகர் இரயிலில் செல்வோர் பாதையின் இருமருங்கிலும் பாலக்கும் வெந்தயக் கீரையும் செங்கீரையும் வெண்டையும் பசுமையாக விளைந்ததைக் கண்டிருப்பர். 1940-களில் நாட்டில் எழுந்த 'அதிக உணவு உற்பத்தி' இயக்கத்தின் பெயரையே தாங்கிய திட்டத்தின்கீழ், இரயில்வே நிர்வாகம் தன் காலி நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்துத் தன் ஊழியர்களுக்கு உரிமக் கட்டணத்தின் பேரில் பயிரிடக் கொடுத்தது. எல்லை வகுக்கப்பட்டது, உரிமம் எழுத்தில் இருந்தது, கட்டணம் தெளிவாக இருந்தது. பாதை ஓரம் ஆக்கிரமிப்புக்கு ஆளாகாமல் காக்கவும் அது உதவிற்று.

அதன் குறையும் வெளிப்படையானது. பல இடங்களில் பாசனத்திற்குக் கிடைத்தது சாக்கடை நீரே. அந்தக் கீரையை உண்பது நலமா என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுந்தது. உரிமை எழுத்தில் இருந்தும், நீர் தூய்மையாக இல்லையெனில் பயனில்லை என்பதை அது உணர்த்துகிறது.

பிற நாடுகளின் அனுபவம்

இங்கிலாந்தில் 1908-ஆம் ஆண்டுச் சட்டம், மக்கள் கேட்டால் பயிர்த் துண்டு நிலம் வழங்குவது உள்ளாட்சியின் கடமை என்று விதித்தது. ஒரு துண்டின் வழக்கமான அளவு சுமார் 250 சதுர மீட்டர். 1925-ஆம் ஆண்டுச் சட்டம், இதற்கென ஒதுக்கிய நிலத்தை அமைச்சரின் இசைவின்றி விற்கவோ வேறு பயனுக்கு மாற்றவோ தடை விதித்தது. இரண்டாம் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது இத்தகைய துண்டுகள் நாட்டுக்குப் பெரிதும் கைகொடுத்தன. செருமனியில் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் சிறுதோட்டங்களுக்குப் பாதுகாப்பளித்து, ஒரு துண்டு 400 சதுர மீட்டருக்கு மேற்படலாகாது என்றும் வரையறுத்தது. இந்நாடுகளில் தோட்டங்கள் தலைமுறை கடந்து நிலைத்தமைக்குத் தொண்டர்களின் ஆர்வம் மட்டும் காரணமன்று. நிலம் திடீரென்று பறிபோகாது என்னும் உறுதியும் காரணம்.

மும்பையில் அந்த உறுதி இல்லை. நகரில் ஆள் ஒன்றுக்குக் கிடைக்கும் திறந்த வெளி ஒரு சதுர மீட்டரை ஒட்டியே நிற்கிறது; நடுவண் அரசின் 2014-ஆம் ஆண்டு நகரமைப்பு வழிகாட்டி பரிந்துரைத்ததோ பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர். இருக்கும் சிறிதளவைக் காப்பதற்கு மாநகராட்சி பூங்காக்களையும் திடல்களையும் தனியார் அமைப்புகளிடம் பராமரிப்புக்குக் கொடுத்து வந்தது. அவற்றுள் சில, பொதுமக்கள் நுழைய முடியாத மன்றங்களாக மாறின. எதிர்ப்பு வலுத்து, 2016 சனவரியில் புதிய கொள்கையை முதலமைச்சர் நிறுத்தி வைத்தார். கொடுத்த இடங்கள் திரும்பப் பெறப்பட்டன. பொது நிலத்தைச் சிலர் தமதாக்கிக் கொண்டதைத் தடுத்தது சரியே. ஆயினும் அத்தடையில் உண்மையாக உழைத்த அண்டை வீட்டுக் குழுக்களும் சேர்ந்து வெளியேற நேர்ந்தது. பறிப்பவரையும் பேணுபவரையும் பிரித்தறியும் விதி அங்கே இருக்கவில்லை.

குடிமராமத்து காட்டும் வழி

அந்த விதியைத் தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. தாராவித் தமிழரின் முன்னோர் வாழ்ந்த தாமிரபரணிக் கரையில் அது வழக்கத்தில் இருந்ததே. ஏரி நீரைப் பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும் வரத்துக்கால் தூர்வாரவும் கரை உயர்த்தவும் ஆளனுப்ப வேண்டும். நீர் பாய்ச்சுவதற்கு முறை உண்டு. முறையைக் கண்காணிக்க நீர்க்கட்டி உண்டு. அவருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. தவறியவரை ஊர் கேட்கும். குடிமராமத்து என்னும் இவ்வழக்கத்திற்கு 1858-ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் சட்ட வடிவமும் தரப்பட்டது.

பொது வளங்களை ஆராய்ந்து 2009-ல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரமும், சுவிட்சர்லாந்தின் மேய்ச்சல் நிலம், சப்பானின் ஊர்க் காடு, ஸ்பெயினின் வாய்க்கால் ஆகியவற்றைப் பார்த்து ஒத்த முடிவுக்கே வந்தார். எல்லையும் உறுப்பினரும் தெளிவாக இருத்தல், எடுப்பதற்கு ஏற்பக் கொடுத்தல், விதியை உறுப்பினரே வகுத்தல், அவர்களுக்குள்ளேயே கண்காணிப்பு, தவறுக்குப் படிப்படியான தண்டம் ஆகியவை அமைந்த இடங்களில் பொது வளம் நிலைத்தது என்று 1990-ல் வெளியான தம் நூலில் அவர் காட்டினார். அவர் கூறிய மற்றொரு நிபந்தனையும் உண்டு: மக்கள் தாமே அமைப்பாகச் செயற்படும் உரிமையை அரசு அங்கீகரிக்க வேண்டும். மும்பையில் முன்னவை பலவற்றைத் தொண்டர்கள் தாமே செய்துகொள்ள இயலும். இந்த இறுதி நிபந்தனையை நிறைவேற்றுவது அவர்கள் கையில் இல்லை.

செய்ய வேண்டியவை

ஆகவே சில பணிகள் உடனடியாகக் கருதத்தக்கன. கூட்டுத் தோட்டத்திற்கு விடும் நிலத்தை ஐந்து அல்லது பத்து ஆண்டு என்னும் குறித்த காலத்திற்கு எழுத்தில் கொடுத்தல் வேண்டும். நிலம் எந்நாளும் பொதுவுடைமை, வாயில் எவருக்கும் திறந்திருக்கும் என்பதையும் அதே எழுத்தில் சேர்த்தல் வேண்டும். பயிரிடுமுன் மண்ணும் நீரும் சோதிக்கப்படவேண்டும். பாத்திகளில் ஒரு பகுதி, நடந்து வரும் தொலைவில் வாழும் குடும்பங்களுக்கு ஒதுக்கப்படவேண்டும். நீர் ஊற்றும் முறையைப் பலகையில் எழுதி வைத்தல் நன்று. மூன்று முறை தவறியவரின் பாத்தி காத்திருக்கும் அடுத்தவருக்குச் செல்வது நியாயமே. வட்டாரத்தின் ஈரக் கழிவில் ஒரு பங்கு தோட்டத்திற்கு வந்து சேர ஏற்பாடு வேண்டும்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டத்திற்கு 2004-ல் அரசு ஒப்புதல் அளித்தது. 2022-ல் புதிய ஒப்பந்தப்புள்ளிகள் கோரப்பட்டன. குடிசைகளின் இடத்தில் அடுக்குமாடிகள் எழும்போது, தகரக் கூரையில் கறிவேப்பிலை வளர்த்த பெண்ணுக்கு அக்கூரையும் இல்லாமற்போகும். வீட்டின் பரப்பைப் பற்றிப் பேசுவோர் பலர். அவள் விதை ஊன்றுவதற்குப் பொதுவான ஓர் இடம் எங்கே என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்வோர் சிலரே. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் மாட்டுங்காவுக்குத் தோட்டம் வகுத்தபோது இருப்புப்பாதையின் மறுபுறம் விடுபட்டுப்போயிற்று. வரைபடம் மீண்டும் ஒருமுறை விரிக்கப்பட்டிருக்கும் இக்காலத்தில் அது விடுபடலாகாது. குப்பை மேட்டில் மண்ணை உண்டாக்க முடியும் என்பதைத் தொண்டர்கள் காட்டிவிட்டனர். அந்த மண் நிலைக்கும் இடத்தை உறுதி செய்வது நிர்வாகத்தின் பொறுப்பாகும்.